குறைமாதக்காரிக்குப் பல்லுக்கொழுக்கட்டை

தலைமன்னார் சுங்கச் சாவடியில் என் பெட்டியைத் திறந்ததும் அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டுச்சேலையோ தங்கமோ இருக்கும் என்று ஆவலோடு திறந்த மனிதர். உள்ளே இருந்தவை சிவப்புச் சாயம் பூசிய சின்ன மரக்கட்டைகள், ஒரு மணி, ஒரு கிலுகிலுப்பை, கம்பளி நூல் பந்து, கைப்பிடி வைத்த கிண்ணம், முகம் பார்க்கும் கண்ணாடி. அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் பின்னால் நின்ற மன்னார்க்காரர் மொழிபெயர்த்தார். குழந்தை எங்கே என்று கேட்கிறாராம். குழந்தை இல்லை என்றேன். அப்படியானால் விளையாடப் போவது யார் என்கிறாராம். நான்தான் என்றேன். அதிகாரி கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தார். கொஞ்சம் உயர்ந்ததும் சரிந்தது. தன் மகன் இதைவிட நன்றாக அடுக்குவான் என்று சொல்லி, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அந்தப் பெட்டிதான் என் தொழில். நான் சென்னையில் குழந்தை மருத்துவர். குறைமாதத்தில் பிறந்து எப்படியோ பிழைத்துக்கொண்ட குழந்தைகள் பிறகு எப்படி வளர்கின்றன என்பது எங்கள் ஆராய்ச்சி. தலை எப்போது நிற்கிறது, எப்போது உட்காருகிறது, கையில் கொடுத்த கட்டையை எப்போது மறு கைக்கு மாற்றுகிறது என்று பார்ப்போம். எங்கள் பேராசிரியருக்கு இரண்டு கொள்கைகள் உண்டு. பெரிய ஆஸ்பத்திரியை விட்டு வெளியே குறைமாதக் குழந்தை பிழைக்காது, பிழைத்தாலும் மந்தமாகத்தான் இருக்கும் என்பது ஒன்று. வயது என்றால் பிறந்த தேதியிலிருந்துதான், இரண்டு மாதம் முந்திப் பிறந்ததற்கெல்லாம் சலுகை கிடையாது என்பது மற்றொன்று. எனக்கு இரண்டுமே தொண்டையில் இறங்கவில்லை. வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டிய காலத்தையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி, "உனக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதே, ஏன் இன்னும் உட்காரவில்லை?" என்று ஒரு குழந்தையைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

யாழ்ப்பாணத்தில் வீடுகளிலேயே வளரும் குறைமாதக் குழந்தைகள் இருப்பதாக ஒரு தோழி மூலம் தெரிந்தது. போய்ப் பார்க்கிறேன் என்றேன். வேண்டாத வேலை என்றார் பேராசிரியர். வீட்டில் அப்பாவும் அதே வார்த்தையைச் சொன்னார். இரண்டு பெரியவர்கள் ஒரே வார்த்தையைச் சொன்னால் அதற்கு நேர் எதிராக நடப்பது என் சுபாவம். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டேன்.

ரயிலில் எதிரே ஒரு சிங்களக் குடும்பம். அநுராதபுரத்தில் இறங்குகிறவர்கள். அந்த அம்மாள் என்னிடம் ஒரு துண்டு பலாக்காய்க் கறியும் சோறும் நீட்டினாள். நான் என் எலுமிச்சைச் சாதத்தை நீட்டினேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கணவனிடம் ஏதோ சொன்னாள். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "புளிப்பு நல்லா இருக்கு, உறைப்பு எங்கே என்று கேட்கிறாள்" என்றார். நான் பிறந்த ஊர் மதுரை. மதுரைக்காரியின் சமையலில் காரம் போதாது என்று சொன்ன முதல் நாடு இலங்கைதான்.

யாழ்ப்பாணத்தில் அந்த வருடம் சீனிக்கும் கோதுமை மாவுக்கும் பஞ்சம். இங்கேயும் ஒரு திருநெல்வேலி உண்டு. அங்கே எனக்கு அறை கொடுத்த வீட்டில் தேநீரோடு உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைத்தார்கள். அதைக் கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். முதல் நாள் நான் அதைத் தேநீருக்குள் போட்டுக் கலக்கினேன். வீட்டுக்காரர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். காலையில் புட்டும் சம்பலும், மாலையில் இடியப்பமும் சொதியும். அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் புதிதாகத் திறந்த பல்கலைக்கழக வளாகத்து மாணவர்கள். மதராஸிலிருந்து வந்திருக்கிறேன் என்றால் எல்லோரும் சினிமா நடிகர்களைப் பற்றித்தான் கேட்டார்கள். குழந்தைகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குத் துணையாக வந்தவர் ஞானம் மிஸி. மருத்துவிச்சி வேலை பார்க்கும் அரசாங்க உத்தியோகத்தர். இங்கே தாதிகளையும் மருத்துவிச்சிகளையும் மிஸி என்றுதான் அழைக்கிறார்கள். குருநகர்க் கத்தோலிக்கப் பெண், ஐம்பதை நெருங்கும் வயது, உரத்த குரல், கையில் எப்போதும் ஒரு கறுப்புக் குடை. மழைக்காக அல்ல, நாய்க்காக. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று அவருக்குத் தெரியும். என் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தோனியார் கோயில் நேர்த்திக்கடன் சாமான் மாதிரி இருக்கிறது என்றார்.

முதல் நாள் திருநெல்வேலியைச் சுற்றி நான்கு வீடுகள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எல்லாக் குழந்தைகளும் கட்டையைக் கண்டதும் பாய்ந்து எடுத்தன. பெரியவை கோபுரம் மாதிரி அடுக்கின. மணியை ஆட்டிக் காட்டும் முன்பே கையை நீட்டின. பேராசிரியர் முகத்தில் கரி பூசப் போகிறோம் என்று உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நான்காவது வீட்டில் பாயைத் தள்ளி உட்கார்ந்தபோது அடியில் நெருப்புப் பெட்டிகள் கிடந்தன. சிவப்புக் காகிதம் ஒட்டிய வெறும் நெருப்புப் பெட்டிகள். பக்கத்தில் ஒரு கோயில் மணி.

ஞானம் மிஸி கொஞ்சமும் அசரவில்லை. டொக்டர் வரப்போகிறார், பரீட்சை வைக்கப் போகிறார் என்று அவரே இரண்டு வாரம் முன்னால் சொல்லி வைத்திருக்கிறார். தாய்மார்கள் பிள்ளைகளைத் தயார் செய்துவிட்டார்கள். ஒரு வீட்டில் தகப்பனார் வேலை முடிந்து வந்து மாலையில் தனியாக ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்திருக்கிறார். பல் முளைக்காத குழந்தைக்கு டியூஷன் வைத்த ஊர் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"பரீட்சை எண்டால் படிப்பிக்காமல் விடுறதோ டொக்டர்? பிறகு பிள்ளை பெயிலானால் ஆர் பதில் சொல்லுறது?" என்றார் மிஸி.

இது பரீட்சை இல்லை என்று நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. அன்றைய நான்கு குழந்தைகளையும் கணக்கில் சேர்க்க முடியாது. கோபம் வந்தது, ஆனால் இரவு படுத்தபிறகு சிரிப்புத்தான் வந்தது.

அடுத்த நாள் தெல்லிப்பழை. பலாலி வீதி பஸ்ஸில் எனக்கும் மிஸிக்கும் நடுவே ஒரு வெங்காய மூட்டை உட்கார்ந்து வந்தது. மூட்டைக்கும் டிக்கட் எடுத்திருக்கிறேன் என்று அதன் சொந்தக்காரர் உரிமை கொண்டாடினார். திரும்பும்போது பஸ் இல்லை. ஒரு பழைய ஒஸ்டின் வாடகைக் காரைப் பிடித்தோம். அது பாதி வழியில் நின்றுவிட்டது. பெற்றோல் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். முடியவில்லை, போடவே இல்லை என்றார் சாரதி. நானும் மிஸியும் புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே காரைத் தள்ளினோம். சென்னையில் ரிக்‌ஷாக்காரர் இப்படிச் செய்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். இங்கே சாரதி இறங்கி வந்து எங்களோடு சேர்ந்து தள்ளி, போகும் வழியெல்லாம் தன் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னதால் சண்டைக்கு இடமில்லாமல் போயிற்று.

அங்கே பார்த்த பையனுக்கு யாரும் டியூஷன் வைத்திருக்கவில்லை. இரண்டு வயது. பிறந்தபோது ஒரு தேங்காய் அளவுதான் இருந்தானாம். மிளகாய்க் கன்றுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தான். பிடிக்க முடியவில்லை. கம்பளிப் பந்தை அவனிடம் உருட்டினேன், அதை ஆடு தின்றுவிட்டது. அவன் தாய் அவனையும் ஆட்டையும் ஒரே குரலில் திட்டினாள். எனக்கு மனது நிறைந்துவிட்டது.

மூன்றாம் நாள் தொண்டைமானாறு. கடல்நீரேரி கடலோடு சேரும் இடம். செல்வச்சந்நிதி முருகன் கோயிலைத் தாண்டி, வலை காயும் மணல் ஒழுங்கையில் ஒரு கல்வீடு. சந்துக்கு இங்கே ஒழுங்கை என்று பெயர். அந்த வீட்டில்தான் வள்ளி இருந்தாள்.

வள்ளி ஏழாம் மாதத்தில் பிறந்தவள். நான் பார்த்தபோது பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தாய் தவமணி, மெலிந்த, அதிகம் பேசாத பெண். தவமணியின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை, பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத குடும்பம். தங்கை யோகம் கூடவே இருக்கிறாள். அண்ணன் சிவலிங்கம் இரண்டு ஒழுங்கை தள்ளி மனைவி வீட்டில் இருக்கிறார். சொந்த வள்ளமும் வலையும் வைத்திருக்கும் கடல்காரர். தகப்பன் ஸ்தானத்தில் எல்லாவற்றுக்கும் முடிவு சொல்பவர் அவர்தான்.

போகும் வழியிலேயே மிஸி விஷயத்தைச் சொல்லியிருந்தார். யோகத்துக்கு ஒரு சம்பந்தம் பேசி வருகிறார்கள். மாப்பிள்ளை அரசாங்க எழுதுவினைஞர், அதாவது குமாஸ்தா, நல்ல இடம். யோகத்துக்கும் பிடித்திருக்கிறது. சந்நிதிக் கோயிலில் ஒருநாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து, அன்று முழுவதும் கறிக்கு உப்புப் போட மறந்தவள் என்றார் மிஸி. ஆனால் வீட்டில் ஒரு மந்தப் பிள்ளை இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும், குடும்பத்தில் அந்தக் குறை ஓடுகிறது என்பார்கள் என்று சிவலிங்கத்துக்குப் பயம். வள்ளி உட்காரவில்லை, தவழவில்லை. தெற்கே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு மடத்தில் விசாரித்து வைத்திருக்கிறார். டொக்டர் வந்து பார்த்துப் பிள்ளை சரியில்லை என்று சொன்னால், கலியாணப் பேச்சு முற்றும் முன்பே அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு.

"எங்கடை மடம் அநாதைப் பிள்ளையளுக்கு. உதுக்குத் தாய் இருக்கு" என்று மிஸி குடையால் மணலைக் குத்தினார்.

ஆக என் பெட்டிக்காகத்தான் அந்த வீடு காத்திருந்தது. நான் யாரையும் எங்கேயும் அனுப்ப வரவில்லை. இது முதலிலேயே தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்று நினைத்தேன். வராமல் இருந்திருந்தால் இன்னும் மோசம் என்றும் நினைத்தேன்.

பாயில் வள்ளியைக் கிடத்தினார்கள். பெரிய கண்கள், ஒட்ட வெட்டிய முடி, கீழ் ஈறில் அரிசி நுனி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. முதல் பல். உட்கார வைத்தேன், முன்னால் கவிழ்ந்தாள். கட்டையைக் கொடுத்தேன், பிடித்தாள். இரண்டாவதைக் கொடுத்ததும் முதலாவது விழுந்தது. விழுந்ததைத் தேடவில்லை. மணிச்சத்தத்துக்குத் திரும்பினாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தாள். சிவலிங்கம் வாசல் நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அவர் கண்ணில் எதுவும் தப்பவில்லை.

"டொக்டர், சுத்தி வளைச்சுக் கதைக்க வேண்டாம். பிள்ளை பாசோ, பெயிலோ?"

பிறந்த நாளிலிருந்து எண்ணினால் பின்தங்கித்தான் இருக்கிறாள், ஆனால் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் இந்த வயதுக்கு இது சரியான வளர்ச்சி என்று சொன்னேன். முற்றாமல் பறித்த மாங்காயை வைக்கோலில் வைத்துக் கொஞ்சம் பொறுத்திருப்பதில்லையா, அந்த மாதிரி என்றேன்.

"வெம்பிப் போற மாங்காயும் இருக்கு டொக்டர். வைக்கல்லை வைச்ச எல்லாம் பழுக்கிறேல்லை" என்றார். பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார். "என்ரை கடைசித் தம்பி பரீட்சையிலை நல்லாச் செய்தவன். கொழும்பிலை தமிழ்ப் பிள்ளையளின்ரை புள்ளியைக் குறைச்சு மாத்தினாங்கள், கம்பசுக்கு இடம் கிடைக்கேல்லை. புள்ளியை மாத்திறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும். இப்ப நீங்கள் எங்களுக்குச் சாதகமா மாத்திறியள். மாத்தின புள்ளி மாத்தின புள்ளிதான்."

எனக்குக் கோபம் வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் பேராசிரியரும் இந்தப் பக்கம் இருக்கும் வள்ளக்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே கட்சியாகிவிட்டார்கள். அதிலும் இந்த மனிதர் சொன்னதில் ஒரு நேர்மை இருந்தது. தன் தம்பிக்குப் பாதகமாக நடந்த புள்ளி மாற்றத்தை, தங்கை மகளுக்குச் சாதகமாக வந்தாலும் ஏற்க அவர் தயாரில்லை. அதை அப்படியே அவரிடம் சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை.

அதுவரை வாய் திறக்காத தவமணி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். "வெள்ளிக்கிழமை இவளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை. எல்லாருக்கும் சொல்லப்போறன். மாப்பிள்ளை வீட்டாருக்கும்."

பல்லுக்கொழுக்கட்டை என்றால் என்ன என்று மிஸிதான் எனக்கு விளக்கினார். எங்கள் பக்கத்தில் இல்லாத சடங்கு. பிள்ளைக்கு முதல் பல் முளைத்ததும் தேங்காய்ச் சொட்டைப் பல் மாதிரிக் குத்தி வைத்துக் கொழுக்கட்டை அவித்து, பிள்ளையை நடுவில் இருத்தி, தலையில் வெள்ளைத் துணியைப் பிடித்து மேலே கொட்டுவார்கள். பிறகு ஒரு தட்டில் புத்தகம், பேனா, கத்தி, நகை, அகப்பை என்று பரப்பி முன்னால் வைப்பார்கள். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். ஊர் கூடியிருந்து பார்க்கும். என் பெட்டியைப் பார்த்து எல்லோரும் பரீட்சை என்று ஏன் நினைத்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. இந்த ஊரில் ஒவ்வொரு குழந்தையும் பல் முளைத்த கையோடு பரீட்சை எழுதுகிறது.

தனியாக உட்கார முடியாத பிள்ளையை ஊருக்கு முன்னால் இருத்தப் போகிறாயா, நீயே பறை அடித்துச் சொல்லப் போகிறாயா என்று சிவலிங்கம் கேட்டார். மாமன்தான் கொட்ட வேண்டும், நான் வரமாட்டேன், எப்படி நடத்துகிறாய் பார்க்கிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தவமணி பச்சரிசியை ஊறப் போட்டாள்.

நானும் மிஸியும் வெள்ளிக்கிழமை வரை அங்கேயே தங்கிவிட்டோம். வியாழக்கிழமை மத்தியானம் ஒடியல் கூழ். பனங்கிழங்கு மாவில் மீன், இறால், நண்டு, பயிற்றங்காய் எல்லாம் போட்டுக் காய்ச்சி, பலா இலையைக் கோலிக் குடிக்கிறார்கள். கண்ணில் நீர் வர வர நானும் குடித்தேன். அந்த அநுராதபுரத்து அம்மாள் சொன்னது உண்மைதான். எங்கள் வீட்டுச் சமையலில் காரம் போதாது.

கூழ் குடிக்கும்போதுதான் தவமணி பேசினாள். பிள்ளை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, மின்குமிழ் எரியும் பெட்டியில் வைத்துச் சூடு காட்டச் சொன்னார்களாம். அப்போது இந்த வீட்டுக்கு மின்சாரம் வரவில்லை. அதனால் சட்டைக்குள்ளே, நெஞ்சோடு ஒட்ட வைத்துச் சேலையால் கட்டிக்கொண்டாள். சமைக்கும்போது மட்டும் யோகம் வாங்கித் தன் நெஞ்சில் கட்டிக்கொள்வாள். படுத்தால் பிள்ளை மூச்சு விடுகிறதா என்று தெரியாது என்பதற்காகச் சுவரில் சாய்ந்தபடியே தூங்கினார்கள். சங்கால் பால் பருக்கினார்கள். வேறு வழி தெரியவில்லை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு இலைக் கூழ் ஊற்றினாள். நான் அதைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். இப்படிக் காப்பாற்றிய பிள்ளையைத்தான் அனுப்பச் சொல்கிறார்கள்.

மாலையில் கொழுக்கட்டை பிடித்தோம். பயறும் தேங்காயும் பனங்கட்டியும் உள்ளே வைத்து விளிம்பை மடித்து மடித்துப் பின்ன வேண்டும். நான் பிடித்தவை எல்லாம் அவிக்கும்போது வாயைப் பிளந்துவிட்டன. என்னை எழுப்பிவிட்டுப் பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வீடு நிறைந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெரிய மாமி வந்திருந்தார். அகலக் கரைச் சேலை, யாரையும் நேராகப் பார்க்காத பார்வை. அவருக்கு உட்காரக் கதிரை போட்டார்கள். சிவலிங்கம் வரமாட்டேன் என்றவர் வந்துவிட்டார். ஆனால் படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. அங்கேயே நின்றார்.

தவமணி பாயில் சம்மணம் கட்டி உட்கார்ந்து பிள்ளையைத் தன் மடியில், வயிற்றோடு சாய்த்து இருத்தினாள். பிள்ளையைத் தனியாக இருத்த வேண்டும் என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் சொன்னாள். இன்னொருத்தியும் ஆமோதித்தாள்.

"என்ரை மடி இருக்கேக்கை அவள் ஏன் தனிய இருக்க வேணும்?" என்றாள் தவமணி.

கொட்டுவதற்கு மாமன் எங்கே என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிவலிங்கம் படலையின் மேல் கையை வைத்தபடி அசையாமல் நின்றார். யோகம் அடுக்களையிலிருந்து வந்து கொழுக்கட்டைச் சுளகை இரண்டு கையாலும் எடுத்தாள். பெரிய மாமி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மருமகளாக வரப்போகிறவள் எப்படி நடக்கிறாள் என்று பார்க்க வந்தவர் அவர். யோகத்துக்கு அது தெரியும். தெரிந்தும் பிள்ளையின் தலைக்கு மேல் சுளகைச் சரித்தாள்.

கொழுக்கட்டைகள் துணியில் விழுந்து உருண்டன. சிறுவர்கள் பாய்ந்து பொறுக்கினார்கள். வள்ளி வீடே அதிரும்படி அழுதாள். அழுகை ஓய்ந்ததும் தட்டை முன்னால் வைத்தார்கள். புத்தகம், பேனா, தங்கச் சங்கிலி, அகப்பை, கடற்கரை வீடு என்பதால் வலை பின்னும் ஊசியும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நானும்தான். பரீட்சை இல்லை பரீட்சை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான், பேனாவை எடு தாயே, எதையாவது எடு என்று மனதுக்குள் மன்றாடினேன். வள்ளி தட்டைப் பார்த்தாள். அழுத களைப்பில் கண் செருகியது. தாயின் கை மடிப்பில் தலையைப் போட்டுத் தூங்கிவிட்டாள்.

"ஒண்டும் எடுக்கேல்லை" என்றது ஒரு குரல்.

பெரிய மாமி முதல் தடவையாக வாய் திறந்தார். பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டார்.

சிவலிங்கம் படலையில் நின்றபடியே ஏதோ சொல்ல வந்தார். தவமணி முந்திக்கொண்டாள். "எட்டு மாசம். ஏழிலை பிறந்தவள். இன்னும் நிமிர்ந்து இருக்கமாட்டாள், தவழமாட்டாள். வேற என்ன கேக்க வேணும்?"

அதற்குமேல் சிவலிங்கத்தால் வெளியே நிற்க முடியவில்லை. உள்ளே வந்தார், நேராக என்னிடம். எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள், இந்தப் பிள்ளை சரியாக வருமா வராதா என்றார். வரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிடம் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். பெரிய மாமிக்குக்கூட. ஆனால் அது பொய். வராது என்பதும் பொய்.

"தெரியாது" என்றேன். "இன்னும் ஒரு வருடம் போனால்தான் கொஞ்சமாவது தெரியும். இப்போதே தெரியும் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். என் பேராசிரியரே வந்து சொன்னாலும் நம்பாதீர்கள்."

"தெரியாது எண்டு சொல்லவோ கடல் தாண்டி வந்தனீங்கள்?"

"ஓம்" என்றேன். ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணம் வந்து நான் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது, நன்றாகவே உபயோகப்பட்டது.

தவமணி எழுந்திருக்கவில்லை. எழுந்தால் பிள்ளை விழித்துக்கொள்ளும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அண்ணனைப் பார்த்தாள். "அண்ணை, இது எனக்குச் சீதனமா எழுதின வீடு. இஞ்சை ஆர் இருக்கிறது, ஆர் போறது எண்டு நான்தான் சொல்லுவன். அவள் மந்தமெண்டாலும் இந்த வீட்டிலைதான் மந்தமா இருப்பாள்."

சீதன வீடு என்றால் இந்த ஊரில் பெண்ணுடைய வீடு. அண்ணனோ புருஷனோ அதில் கை வைக்க முடியாது. பெரிய மாமி இரண்டு கொழுக்கட்டை சாப்பிட்டார். உள்ளீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வேறெதுவும் சொல்லாமல் காரில் ஏறிப் போனார்.

சென்னைக்குத் திரும்பியபின் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வள்ளிக்கு நான் இரண்டு வயதையும் எழுதினேன், பிறந்த நாள் வயது, பிறந்திருக்க வேண்டிய நாள் வயது. பேராசிரியர் இரண்டாவதை அடித்தார். நான் மறுபடி எழுதினேன். அவர் மறுபடி அடித்தார். இப்போதும் அடித்துக்கொண்டும் எழுதிக்கொண்டும்தான் இருக்கிறோம். எனக்கு அவரைவிட வயது குறைவு, நான்தான் அதிக நாள் எழுதுவேன்.

சனிக்கிழமை காலை, நானும் மிஸியும் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தபோது சிவலிங்கம் வந்தார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு நின்றார். இரவு தூங்காத முகம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லியனுப்பியிருக்கிறார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். முன்னுக்கு வந்து கொட்டிய துணிச்சலைக்கூடப் பெரிய மாமி மெச்சினாராம். சம்பந்தத்துக்குச் சம்மதம். ஒன்றே ஒன்றுதான், கலியாணத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளையை வேறெங்காவது அனுப்பிவிட்டால் நல்லது என்கிறார்களாம்.

நேற்று அண்ணனுக்கு முன்னால் அசையாத தவமணி இப்போது தங்கையைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தாள். தன் பிள்ளைக்காகத் தங்கையின் வாழ்வைக் கேட்பதா என்று அவள் நினைத்திருப்பாள்.

யோகம் அடுக்களை வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

"அண்ணை, எனக்கும் ஏழிலை பிறந்தால்?" என்றாள். "அந்தப் பிள்ளையை அவையள் எங்கை அனுப்புவினம்?"

சிவலிங்கம் பாயில் கிடந்த வள்ளியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சைக்கிளைத் திருப்பிப் படலையை நோக்கி உருட்டினார். நான் பொறுக்க முடியாமல் பின்னாலேயே போனேன். மாப்பிள்ளை வீட்டில் போய் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். பெண்ணுக்கு இஷ்டமில்லையாம் என்றா?

"பெட்டைக்கு விருப்பமில்லை எண்டு ஏன் சொல்லுறன்?" என்றார். "எங்களுக்கு விருப்பமில்லை எண்டு சொல்லுவன்."

சைக்கிளில் ஏறி, கோயில் பக்கமாகத் திரும்பிப் போனார்.